உன் பி.எச்.பி.யும் என் பைத்தானும்

இன்று காலை அலுவலக வாசலில் குடைகள் விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தன. அந்த ஈரத்துணி வாடை மூக்கில் ஏறியதும் ஏதோ சொல்வதற்காக உன் பக்கம் திரும்பிவிட்டேன். நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. இன்னும் பழகவில்லை.

நீ கரமனையில் பஸ் ஏறுவாய். பழவங்காடியில் நான் ஏறும்போது பக்கத்து இடம் எனக்காகக் காத்திருக்கும். அங்கிருந்து அலுவலகம் போய்ச் சேரும்வரை சண்டைதான். இணையதளம் எழுத எந்தக் கணினி மொழி உசத்தி என்று இரண்டு பெண்கள் அத்தனை சத்தமாக மோதிக்கொள்வதைக் கண்டக்டரே நின்று வேடிக்கை பார்ப்பார்.

"ஒன் பி.எச்.பி.ல ஒரு ஒழுங்கு உண்டா? எங்க சாலைக் கடையில ஆணியையும் அரிசியையும் ஒரே சாக்குல கொட்டின மாதிரில்லா இருக்கு!" என்பேன்.

"இருக்கட்டும்டீ. ஃபைலைக் கொண்டுபோய் செர்வர்ல வெச்சா அது பாட்டுக்கு ஓடறது, கேட்டியா? உன் பைத்தானுக்கு வரி தொடக்கத்துல ஒரு இடைவெளி கூடிப்போனாப் போறும், கோபம் வந்துடும். மடி ஆசாரம் பாக்கற மொழியாக்கும் அது!"

பஸ்ஸே சிரிக்கும். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். பி.எச்.பி.யைத் தவிர வேறெதையும் தொட மாட்டாய் என்றுதான் எல்லோரையும் போல நானும் நம்பினேன்.

பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. வடக்கே ஆறுகள் ஊர்களுக்குள் புகுந்திருந்தன. இங்கே ஒரு கல்லூரிக் கூடத்தில், மொட்டைமாடிகளில் சிக்கியவர்களின் செய்திகளை மாணவர்கள் ஃபோனில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாமும் உதவப் போயிருந்தோம். ஒரே வீட்டுக்காக உறவினர்கள் பலர் தனித்தனியே அழைத்ததால் அங்கே படகுகள் திரும்பத் திரும்பப் போயின. அடுத்த தெருவுக்கு ஒன்றும் போகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் காட்ட உடனே ஒரு இணையதளம் வேண்டும். அங்கிருந்தவர்களில் அனுபவசாலி நீதான். பி.எச்.பி.யில் அதை நீ கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவாய்.

உட்காரும் முன் மாணவர்களிடம் கேட்டாய்: "நான் எழுதிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தா இதை யாரு பாத்துப்பா?"

"சேச்சி, ஞங்ஙள்க்கு பைத்தான் மாத்ரமே அறியூ," என்றாள் ஒருத்தி மலையாளத்தில், தயங்கித் தயங்கி. அவர்களுக்குப் பைத்தான் மட்டும்தான் தெரியுமாம்.

"அப்போ பைத்தான்," என்றாய். அவ்வளவுதான்.

உதவி தேவைப்படும் என்று உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன். தேவைப்படவில்லை. நீ கேலி செய்த அந்த இடைவெளிகள் ஒன்றுகூடப் பிசகாமல் வரிகள் இறங்கிக்கொண்டே வந்தன. நான் சுற்றி வளைத்து எழுதியிருக்கக்கூடிய இடத்தை நீ நேராகக் கடந்துபோனாய். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"எப்பம்மா படிச்ச இதை?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "உன்னோட சண்டை போடணும்னா உன் பக்கம் என்ன இருக்குன்னு தெரியண்டாமா?"

சாயங்காலத்துக்குள் அந்த அடுத்த தெருவுக்குப் படகு போய்விட்டது. கைக்குழந்தையோடு மாடியில் இருந்த ஒரு பெண் கரையேறிவிட்டதாக ஃபோன் வந்தபோது கூடமே எழுந்து கைதட்டியது. நீ மாணவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். மறுபடி பஸ் ஓடத் தொடங்கியதும் பைத்தானை அதே வேகத்தோடு திட்டினாய்.

நோய் உன்னை அதிக நாள் வைத்திருக்கவில்லை. கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னை மகிழ்விக்க நினைத்து, "பி.எச்.பி.யே உசத்தின்னு ஒத்துக்கிடுதேன்," என்றேன். உனக்குப் பேச மூச்சு போதவில்லை. ஆனாலும் முகம் சுளித்தாய். "காரணம் சொல்லு," என்றாய்.

சென்ற வாரம் ஒரு புதிய வேலைக்கு எந்த மொழி என்று முடிவெடுக்கக் கூட்டம் கூடியது. நான் பைத்தானுக்காகப் பேச வேண்டும். அதற்கு முன்பாக, எதிர்த்தரப்பு கேட்ட ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு தளம் எழுதிப் பார்த்திருந்தேன். கூட்டத்தில் எழுந்து முதலில் அதன் நல்லவற்றையெல்லாம் சொன்னேன், அவர்களே சொல்ல மறந்ததையும் சேர்த்து. எதிரே இருந்த தமிழ்ப் பெண் குழம்பிப்போனாள்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

"என் பக்கம் இனிமேத்தான் வருது. கொஞ்சம் பொறு," என்றேன்.