கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

இன்று காலை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மழையில் நனைந்தபடி நம் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தாள். மார்போடு அணைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மடிக்கணினி. நனைந்துவிடும் என்று கம்பளிச் சால்வையில் சுற்றி, ஆஃப் செய்யாமலேயே பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். சூடேறிய கம்பளி வாசனை குப்பென்று மேசை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

உனக்கு மடல் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தவர்கள் நாம். சுவரைத் தட்டினால் உன் பதில் வந்துவிடும். அதனால் உனக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. இப்போது எவ்வளவு தட்டினாலும் நீ பேசப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாம் டவுனில் டைப்செட்டிங் கடை போட்டபோது ஊர் சிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கம்ப்யூட்டர் கடை நடத்தப் போகுதுங்களாம்" என்று பஸ் ஸ்டாண்டில் பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீயோ அதே ஆட்களிடம் போய், "ஆமாங்க, கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்னா வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். கொழும்பில் ஏதோ ஆபீஸ் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் நம்முடையது. பனி பட்டால் கெட்டுப்போகும் என்று, உன் அம்மா மழையில் கொழுந்து பறிக்கும்போது போர்த்திக்கொண்ட கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து அதற்குப் போர்த்தினாய். வேலை செய்யும்போது திரைமேல் கிடப்பதை மட்டும் விலக்கிக்கொள்வோம். மேசைக்குக் கீழே இருந்த சிபியு பெட்டி இரவும் பகலும் கம்பளிக்குள்தான். பலகை இடுக்கு வழியாக மூடுபனி உள்ளே வந்து உட்காரும் ஊரில் நமக்குத் தெரிந்த ஒரே எதிரி குளிர்தானே.

தோட்டத்து அம்மன் கோயில் கும்பாபிஷேகச் சிறப்பு மலரை அடிக்கும் வேலை நமக்கு வந்தபோது, உன் பாஸ்போர்ட் ஏஜென்சிக்காரரிடம் இருந்தது. குவைத்தில் வீட்டு வேலை. உன் அண்ணன் கெட்டவரில்லை, பயந்தவர். "இந்த மலர ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா கடையிலயே இரு. இல்லாட்டி நீ கெளம்பணும், நான் ஏஜென்சிக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். நீ அன்றிலிருந்து ஒரு பக்கத்தை மூன்று தடவை பிழை பார்க்க ஆரம்பித்தாய்.

மலர் முடிந்தது. கண்டி அச்சகத்தில் பென் டிரைவில் கேட்டார்கள். படங்கள் அத்தனையும் பிளாப்பியில் அடங்காது. நம் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. எக்ஸ்பிக்கு மாற்றினால் தெரியும் என்றார்கள். ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், கடைக் கதவைச் சாத்திவிட்டு சிடியைப் போட்டோம். மறுநாள் காலை கோயில் தலைவர் கண்டிக்குக் கிளம்புகிறார். மலருக்கு வேறு பிரதி கிடையாது. வெளியே எடுக்கத்தான் மாற்றுகிறோம், மாற்றாமல் வெளியே எடுக்க முடியாது. நம் லட்சணம் அது.

முக்கால்வாசி போய் நின்றது. மௌஸ் அசையவில்லை. நான் அணைத்துப் போட்டேன். மறுபடி ஓடி மறுபடி நின்றது. அணைத்தேன், போட்டேன், திட்டினேன். பக்கத்துக் கடை போனிலிருந்து ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துபவரைக் கூப்பிட்டேன். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் தங்கச்சி. பார்மட் பண்ணிருங்க, வேற வழியே இல்ல" என்றார். பார்மட் செய்தால் மலர் போய்விடும். மலர் போனால் நீ போய்விடுவாய். திரும்பி வந்து உன்னிடம் அதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ அழவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு திரையையே பார்த்தாய்.

"ஏய், அந்த ஆளு சொல்றது சரியில்ல. மொதத் தடவ முக்காவாசி போச்சு. ரெண்டாந்தடவ பாதியில நின்னுச்சு. இப்ப ஏறவே மாட்டேங்குது. டிஸ்க் கெட்டிருந்தா ஒரே எடத்துலதானே நிக்கணும்? இது களைச்சுப் போவுது புள்ள."

"கம்ப்யூட்டர் களைக்குமாடி?"

மேசைக்குக் கீழே குனிந்து கம்பளிக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "அடியே! இதுக்குக் காய்ச்சல் அடிக்குது!"

பத்திரிகை அடிக்கும் சின்ன வேலைக்கெல்லாம் அது சூடானதே இல்லை. அன்றைக்குத்தான் காலையிலிருந்து மூச்சுவிடாமல் ஓடியது, அதுவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. கொழும்பில் ஏசி போட்டு வைக்கிற சாமானை நாம் அடைகாத்திருக்கிறோம். இந்த மலையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது என்று சொல்லிச் சொல்லி நீ சிரித்தாய். எனக்கு உன்னை அறையலாம்போல இருந்தது.

கம்பளியை உருவினோம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். இத்தனை நாள் துணி அடைத்து வைத்திருந்த ஜன்னலை அகலத் திறந்தாய். பனி தாராளமாக உள்ளே வந்தது. நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து திரும்பவும் போட்டோம். நீ பழைய காலண்டர் அட்டையால் விசிறத் தொடங்கினாய். அந்த நேரம் பார்த்துத் தலைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா இது, இந்தக் குளிருல கம்ப்யூட்டருக்கு விசிறுறீங்க?"

நீ விசிறுவதை நிறுத்தாமல் சொன்னாய்: "அதுக்கு வேர்க்குது மாமா. நீங்க நிம்மதியா போய்த் தூங்குங்க. காலையில மலர் உங்க கையில இருக்கும்."

அவர் போனதும் நான் கேட்டேன், "எந்தத் தைரியத்துல சொன்ன?"

"காரணம் தெரிஞ்சுபோச்சு இல்ல? அப்புறம் என்னத்துக்குப் பயம்?"

கை மாற்றிக் கை மாற்றி விசிறினோம். முதலில் நின்ற இடத்தைத் தாண்டியது. நீ என் தொடையைக் கிள்ளினாய். இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்து, நீல வானத்துக்குக் கீழே ஒரு பச்சை மலை வந்து நின்றது. "பாத்தியா, மலையாம். ஒரு தேயிலைச் செடியக் காணோம்" என்றாய். மலர் இருந்த இடத்தைத் திறந்தாய். முதல் பக்கத்தில் அம்மன் படம் அப்படியே இருந்தது. அப்போதுதான் நீ அழுதாய், தேம்பித் தேம்பி. அதுவரைக்கும் நீ எவ்வளவு பயந்துபோயிருந்தாய் என்பது எனக்கு அந்த அழுகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மலர் வந்தது. அடுத்தடுத்த தோட்டங்களிலிருந்து கோயில் நோட்டீஸ் எல்லாம் நம் கடைக்கே வந்தன. அண்ணன் ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து உன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போன வருடம் நீ நோயில் கிடந்த கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னபோது, நான் உன்னைப்போலவே காரணம் தேடினேன். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். காரணம் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

ஆனால் இழவு வீட்டில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை உனக்குச் சொல்ல வேண்டும். "அன்னைக்கு அனுப்பியிருந்தா எந்தங்கச்சிய இத்தன வருஷம் பக்கத்துல வச்சுப் பாத்திருப்பேனா?" என்றார். நாம் ஒன்றாக உட்கார்ந்து சண்டை போட்ட, சிரித்த, தேத்தண்ணி குடித்த அத்தனை வருடமும் ஒரு காலண்டர் அட்டையால் விசிறி வாங்கியவை. உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் அவைதான். அந்தக் கனமே எனக்குப் போதும்.

சென்ற வாரம் கடைப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தான். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, "ரெண்டு பேரு இருக்கே அக்கா. ஒங்க பேரு மட்டும் போட்டாப் போதும்தானே? அவங்கதான் போய்ட்டாங்களே" என்று கேட்டான்.

"குவைத்துக்கே போகாதவ, கடைய விட்டுட்டு எங்க போயிருவா?" என்றேன். "அவ பேர மொதல்ல எழுது."