நேரங்கெட்ட சங்கு

ஆகஸ்ட் 15, திங்கள்

கச்சான் காற்று. வெயில் இருந்தும் குளிர். நானும் பேச்சியக்காவும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் பால்மா முடியப்போகிறது. கிளார்க்கரிடம் சொல்ல வேண்டும்.

காலையில் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கலவரக்காரர்கள் தீ வைத்துவிட்டார்களாம். "நேரங்கெட்ட நேரத்துல பெக்டரிச் சங்கு நீளமா ஊதுனா எதையும் எடுக்காதீங்க. தேயிலைக்குள்ள எறங்கிடுங்க." கொழுந்து எடுக்கிற தாய்மார் மலையிலேயே பதுங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளை நாங்கள்தான் தூக்க வேண்டும். நானும் பேச்சியக்காவும். ஆளுக்கு இரண்டு கை.

என் வீட்டுக்காரர், இவருக்கு வேறு உலகம். பதுளையில் வேலை செய்யும் ரேடியோக் கடை மூடிக்கிடக்கிறது. அதனால் வீட்டில் 'இசை'. கொழுந்து வாட்டும் விசிறியின் இரைச்சல், தகரத்தில் மழை, ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவின் சீறல். எல்லாம் கசெட்டில். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு, வேகத்தைக் குறைத்து. தாளமும் இல்லை, பாட்டும் இல்லை. எப்போது முடியும் என்று கேட்டால், "முடியுதான்னு பாக்காத. அதுக்குள்ள இருந்து பாரு."

16, செவ்வாய்

நேற்றுச் சாயந்தரம் கண்ணை மூடிக் கேட்டேன். முதலில் எரிச்சல். பிறகு பயம். பிறகு அந்தப் பயமே கொஞ்சம் அடங்கினாற்போல. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

சோப்பு, மண்ணெண்ணெய், கருவாடு.

17, புதன்

இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற நேரம். சங்கு. நீளமாக. இடுப்பில் இரண்டு, முதுகில் ஒன்று. பேச்சியக்காவும் அப்படியே. நடக்கிறவை பின்னால் ஓடின, விழுந்தன, அழுதன. பாதி வழியில்தான் ஞாபகம்: மாரியின் மகள் தொட்டிலில். திரும்பி ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை.

ஊதியது பெக்டரி இல்லை. இவர். கோயில் ஒலிபெருக்கிக் குழாயைக் கடன் வாங்கி, கார் பேட்டரியில் மாட்டி, பதிந்து வைத்திருந்த சங்கை இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறார். காற்று அதை மலைவரை கொண்டுபோய்விட்டது.

மாரி கூடையை வீசிவிட்டு வந்தாள். "ஒம் புருசன் வெளையாட எங்க புள்ளைகதான் கெடைச்சுச்சா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "வெளையாட்டு இல்லீங்க. சங்குன்னாலே எனக்கு ஒடம்பு ஒதறுது. மெதுவா ஓடவிட்டு கேட்டுக்கிட்டே இருந்தா பயம் போயிரும்னு நெனச்சேன்."

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதனாலேயே கோபம் கூடியது.

குழாயைக் கோயிலில் கொடுத்துவிட்டேன். ரெக்கார்டரும் கசெட்டுகளும் என் டிரங்குப் பெட்டியில். பூட்டு. சாவி தாலிக்கயிற்றில்.

18, வியாழன்

பால்மா வந்தது. மாரியின் மகளுக்குச் சளி.

லயத்தில் கேலி. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யாரோ 'ஊஊ' என்றார்கள், எல்லோருக்கும் சிரிப்பு. நல்லதுதான், சிரித்து நாளாயிற்று. இவர் இரவு சாப்பிடவில்லை.

19, வெள்ளி

கடையைத் திறந்துவிட்டேன், வா என்று ரேடியோக் கடை முதலாளி நானா இவருக்கு ஆள் அனுப்பினார். போக வேண்டாம் என்றேன். "இங்கயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும் புள்ள." காலை பஸ்ஸில் போய்விட்டார். வளைவில் பஸ் மறையும்வரை நின்றேன். பத்திரமாக வர வேண்டும். வந்ததும் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

பிள்ளைகள் தூங்குகின்றன. காற்றே இல்லை.

எழுதும்போதே சங்கு. நீளமாக.

பேச்சியக்கா பால்போத்தல் கழுவுவதை நிறுத்தவில்லை. "ஒம் வீட்டுக்காரருக்கு இன்னமும் புத்தி வரலையே புள்ள" என்று சிரிக்கிறாள். ஜன்னலில் மலை தெரிகிறது. கூடைகள் நிரை நிரையாக அப்படியே. ஒருத்தி கையை ஆட்டி 'ஊஊ' என்கிறாள்.

கழுத்தைத் தடவினேன். பெட்டிச் சாவி இருக்கிறது.