பள்ளத்தைக் காட்டிய கை

அன்புள்ள போ-ஹானுக்கு, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? சைக்கிள் ஏற டாக்டர் விட்டாரா?

இங்கே தாய்டுங்கில் மழை விட்டதால், அடுத்த சைக்கிள் சுற்றுலாக் குழுவை அழைத்துப்போகும் பாதையைப் பார்த்துவர நேற்றுத் தனியாகக் கிளம்பினேன். கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவில் ஒரு பள்ளம். பின்னால் வருபவருக்காக வழக்கம்போல் ஒரு கையை எடுத்துக் காட்டினேன். மறு கையால் மட்டும் பிரேக் பிடித்ததில் விழுந்துவிட்டேன். வெறும் சிராய்ப்புதான்.

சீதாப்பழத் தோட்டக்காரர் ஓடிவந்து தூக்கினார்.

"ஏம்மா, பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்குக் கை காட்டுன?"

"என் வீட்டுக்காரருக்கு."

அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

என் கையுறை கிழிந்துவிட்டது. உங்களுடையதை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்களுக்கு முன்னால் போகும்
யூ-சுவான்