கால் கோட்டில் சில துடிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று பேருடைய இரவுகளைப் படித்து முடித்தேன். ஒவ்வொரு இரவையும் அரை நிமிடத் துண்டுகளாக நறுக்கி, இது லேசான தூக்கம், இது ஆழ்ந்தது, இது கனவு என்று அடையாளமிடுவதுதான் தூக்க ஆய்வகத்தில் என் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் தூக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து விழித்துக் கிடக்கிறேன். "சமையல்காரி பட்டினி கிடக்கற மாதிரி இருக்குடி" என்கிறாள் அக்கா.

மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்துப் பதினாறு நாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், தான் எதில் குறை வைத்தோம் என்று தேட ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். மாத்திரை டப்பா அகராதிகளுக்குப் பின்னால். அவள் தூசி தட்டாத ஒரே இடம் என் புத்தக அலமாரி.

மார்ச் 9, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள், செரட்டோனின் குறைந்தால் தூக்கம் வராதாமே என்று. ஏதோ வீடியோ. அவ்வளவு எளிதில்லை என்றேன். இருட்டியதும் மூளை அதிலிருந்துதான் தூக்கத்தை அழைக்கும் மெலட்டோனினைச் செய்துகொள்கிறது, வாஸ்தவம். ஆனால் செரட்டோனின் அதிகம் சுரப்பது நாம் விழித்திருக்கும்போது. ஆழ்ந்து தூங்கினால் குறையும். கனவில் ஏறக்குறைய நின்றேபோகும். அதிகமானால் நல்லது என்பதற்கு அதில் இடமே இல்லை.

அவள் எங்கே கேட்டாள். "உன்கிட்ட ஒண்ணு கேட்டா ஒன்பது சொல்லுவே. எதைக் குடுத்தாலும் ஆராய்ச்சி. பாலைக் குடி முதல்ல."

மார்ச் 13, வியாழன்

டாக்டர் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கால் உதறுகிறது. படுத்தால் மட்டுமில்லை, உட்கார்ந்து படிக்கும்போதும்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பதிவுகளைத் தினமும் பார்க்கிறேன். தூங்கும்போது, கால் தசையின் அசைவைப் பதியும் கோட்டில் கொத்துக் கொத்தாகத் துடிப்பு வரும். கனவில் தட்டையாகக் கிடக்க வேண்டிய தாடைக் கோடு முறுக்கிக்கொண்டு நிற்கும். என் கால் கோடு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகூடப் பார்த்தேன். திரையில் ஒரு பக்கத்துக்கு எட்டு, ஒன்பது துடிப்பு. பழகிவிடும்.

மார்ச் 18, செவ்வாய்

வியர்வை. அறை குளிர்ந்து கிடக்க, காலர் நனைந்துவிட்டது. இரவெல்லாம் நோயாளிகளுக்கு வயர் ஒட்டும் அண்ணன், காலையில் பதிவுகளை ஒப்படைக்கும்போது என் கையையே பார்த்தார். கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆடியது. "என்னம்மா, தட்டச்சு அடிக்கிறியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அளவைக் கூட்டினால் முதல் வாரம் இப்படித்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

பக்கவிளைவு. பக்கவிளைவுதான்.

மார்ச் 20, வியாழன்

நான்கு தடவை வயிற்றுப்போக்கு. பால் டம்ளரின் அடியில் மாவு மாதிரி ஏதோ தங்கியிருந்தது. கேட்டேன். பாதாம் என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இன்று வழக்கத்தைவிடப் பெரிய டம்ளர்.

மார்ச் 21, வெள்ளி

எழுத்து கோணுகிறது. திரையில் யாரோ ஒருவரின் கனவு ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு எந்தத் துண்டு எதுவென்று — ஒரே துண்டை எத்தனை தடவை பார்த்தேன்? உடம்பு கொதிக்குது. தாடையைத் திறக்க முடியல. கால் நிக்கவே மாட்டேங்குது. இது நான் படிச்சது இல்ல. நான் படிச்சதுல ஜுரம் இல்லையே. ஜுரம் ஏன்

மார்ச் 25, செவ்வாய்

மருத்துவமனை. நாற்காலியிலிருந்து சரிந்தேனாம், வயர் அண்ணன்தான் தூக்கி வந்தாராம். அவசரப் பிரிவு டாக்டர் என் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தார். அது தானாக அடித்துக்கொண்டே இருந்தது, என்னைக் கேட்காமல். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. உடம்பில் செரட்டோனின் அளவு மீறிவிட்டது, ஒரு மாத்திரையால் மட்டும் இவ்வளவு ஆகாது, வேறென்ன சாப்பிட்டீர்கள் என்றார். ஒன்றுமில்லை என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்றே நினைத்துவிட்டார்.

வாசலில் நின்ற அக்கா மெதுவாக, "பொடி" என்றாள்.

இணையத்தில் வாங்கிய தூக்கப் பொடி. விதையிலிருந்து எடுத்தது, மருந்தே இல்லை என்று போட்டிருந்ததாம். உடம்பு அதைத்தான் செரட்டோனினாக மாற்றிக்கொள்ளும். முதலில் ஒரு கரண்டி. எனக்குத் தூக்கம் வராததைப் பார்த்து இரண்டு. வியாழக்கிழமை மூன்று. சொன்னால் நான் குடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

"நீ மாத்திரை சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நானும் ஆரம்பிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் சொன்னதை இரண்டு பேருமே கேட்டிருந்தோம்.

மார்ச் 28, வெள்ளி

வீடு. மாத்திரை இப்போதைக்கு இல்லை. நேற்று மூன்று மணிநேரம் தூங்கினேன். மூன்றும் என்னுடையவை.

ஏப்ரல் 6, ஞாயிறு

டாக்டர் சொன்னபடி, வீட்டில் யார் எதை விழுங்கினாலும் எழுதுவதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். என் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினேன், நிறுத்திய தேதியோடு. பேனாவை அக்காவிடம் கொடுத்தேன். எனக்கென்ன இருக்கிறது எழுத என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, வெகுநேரம் எழுதினாள்.

அவள் போனதும் படித்தேன். தலைவலி மாத்திரை. இரும்புச்சத்து. மூன்றாவது வரியில் என் மாத்திரையின் பெயர். என்னுடைய அளவைவிட அதிகம். பக்கத்தில் பொடி எழுத்தில், 'ரெண்டு வருஷமா'.

ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அந்தப் பொடியை அவளும் குடித்தாளா என்பதைத்தான் முதலில் கேட்க முடிந்தது.

"இல்லடி" என்றாள். "ஒரே டப்பாதான் இருந்துச்சு. உனக்கே பத்தலை."