நகர்ந்த தட்டு

மதிய இடைவேளையில் பிரிண்டரை ஓடவிட்டேன். சூடான காகிதத்தின் வாசனை. வரும் வருடத்துக்கான வாக்குத்தத்த அட்டைகள், இருநூறு. நீ போன பிறகு இரண்டு வருடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். போதகர் காரணம் கேட்டார். வேலை அதிகம் என்றேன். இந்த முறை தமிழ் தட்டச்சு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அச்சடித்துத் தருகிறேன், தட்டை வேறு யாராவது பிடிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வாசனை போவதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும்.

பர் துபாயில் அதே டைப்பிங் சென்டர்தான். காலையெல்லாம் விசா விண்ணப்பங்கள். ஒரு மணிக்குக் கடையை அடைத்து நாலு மணிக்குத் திறக்கிறோம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நீ கடைசியாக அட்டை எடுத்த வருடமும் அடித்தேன். போதகர் குறித்துக் கொடுத்த வசனங்கள். அட்டைக்கு ஒன்று. ஸ்கேல் வைத்து, பிளேடால் வெட்டி, தட்டில் கவிழ்த்துவைக்க வேண்டும். புது வருடத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எது வருகிறதோ அதுதான் அந்த வருடம் முழுக்க அவர்களுக்குக் கடவுள் சொன்னது. பர்ஸில் வைப்பார்கள். அலமாரிக் கதவில் ஒட்டுவார்கள்.

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. ஒரு வசனத்தை முன்னும் பின்னும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று உன்னிடம் வாதாடுவேன். இலக்கியம் படித்த திமிர். நீ சிரிப்பாய்.

"பசிக்குன்னு வந்தவகிட்ட இட்லிக்கு இலக்கணம் சொல்லுவியோ?"

என்னைவிட ஐந்து வயது மூத்தவள் நீ. அக்கா என்று கூப்பிட்டால் அடிக்க வருவாய். அல் குசைஸ் அறையில் நாலு கட்டில். ஜன்னலோரம் உன்னுடையது, சுவரோரம் என்னுடையது. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை உனக்கு. ஊரில் உன் மகள், ஏழு வயது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பெல்ட் போட்டுவிட்டு மாலையில் அவளுக்குப் போன் பண்ணுவாய்.

டிசம்பரில் ஒரு காலை. மற்ற இருவரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். குளித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து உன் இடது அக்குளுக்குக் கீழே வைத்தாய்.

"கடலப் பருப்பு மாதிரி இருக்கு, என்னட்டி?"

கடலைப் பருப்பைவிடப் பெரிது. அழுத்தினால் நகரவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல. அதாம் ஒருமாதிரி இருக்கு." பிறகு, "யார்ட்டயும் சொல்லிறாத. சீக்காளின்னு தெரிஞ்சா ஸ்கூல்ல வேலைய விட்டு அனுப்பிருவானுவ."

டாக்டரிடம் காட்டு என்றேன். ஜூலையில் லீவு வரும், ஊரில் காட்டிக்கொள்கிறேன் என்றாய். அன்றிலிருந்து நீ தூக்கத்தில் புரளும் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

அட்டைகளை வெட்டும்போது ஒன்று என் கையில் நின்றது. நான் சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்று சங்கீதத்தில் ஒருவன் சொல்லும் வசனம். அதைத் தனியே எடுத்துவைத்தேன். உனக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவ்வளவுதான் என்று இன்றும் சத்தியம் செய்ய முடியும். சத்தியம் செய்து என்ன?

வெள்ளிக்கிழமை. மலையாளச் சபை வெளியே போய்க்கொண்டிருக்க நாம் உள்ளே போனோம். ஒரே கட்டடம், சபைக்கு இரண்டு மணி நேரம். ஆராதனை முடிந்து தட்டோடு வரிசை வரிசையாக வந்தேன். உன் வரிசை வந்ததும் அந்த அட்டையை என் பக்கத்து ஓரத்தில் செருகினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். எப்போதும் அப்படித்தான் எடுப்பாய். உன் விரல்கள் வேறொன்றின் மேல் இறங்கின. தட்டை நகர்த்தினேன். ஒரு அங்குலம் இருக்கும்.

வாசித்தாய். முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சொன்னாய்: "ஆஸ்பத்திரிக்கு இப்பமே போணுமா, ஜூலை வர இருக்கலாமான்னு கேட்டு ஜெபிச்சிருந்தேன். கார்டுல வாறத வச்சு முடிவு எடுக்கேன் ஆண்டவரேன்னு. பதில் வந்துட்டு பாத்தியா."

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி. பிப்ரவரி. டாக்டர் என்று நான் வாய் திறந்தால், "வசனத்தவிடப் பெரிய டாக்டரா?" என்பாய். அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாய். நீ கையைத் தூக்கித் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பேன். பார்க்காதது போல இருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, வனாந்தரச் சோதனை பற்றிப் பிரசங்கம். பிசாசானவன் ஆண்டவரை ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதி என்கிறான். தூதர்கள் தாங்குவார்கள், சங்கீதத்தில் எழுதியிருக்கிறதே என்கிறான். வசனத்தில் பிழையே இல்லை. நல்ல வசனம். அதைக் காட்டித்தான் குதிக்கச் சொல்கிறான். பக்கத்தில் நீ "ஆமென்" என்றாய்.

பஸ் ஸ்டாப்பில் சொன்னேன்.

"அந்தக் கார்டு நான் குடுத்தது."

"நீதான தட்ட வச்சிருந்த."

"அது இல்ல. உன் கை வேற கார்டு மேல போச்சு. நான் தட்டை நகர்த்தினேன்."

பஸ் வந்தது. நாம் ஏறவில்லை. போய்விட்டது.

"எந்தக் கார்டு மேல?"

"தெரியாது. பார்க்கலை."

"பாத்திருக்கணும்லா." பிறகு சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. "சரி விடு. நீ நகத்துனா என்ன? அவருதாம் நகத்தச் சொல்லிருப்பாரு. பிலேயாமுக்குக் கழுதைய வச்சுப் பேசுனவரு, உன்னய வச்சு ஒரு தட்ட நகத்த மாட்டாரா?"

நான் ஒப்புக்கொண்டும் உன்னிடம் எதுவும் அசையவில்லை. என் பொய்யையும் சேர்த்து விசுவாசித்துவிட்டாய்.

"அந்தக் கழுதை எதுக்குப் பேசுச்சு?" என்றேன். குரல் எகிறிவிட்டது. பக்கத்தில் நின்ற பட்டாணியர் திரும்பிப் பார்த்தார். "வழியில பிலேயாமைக் கொல்ல ஒரு தூதர் வாளோட நின்னாரு. அது போகமாட்டேன்னு படுத்துச்சு. அடி வாங்குச்சு. அப்புறம்தான் பேசுச்சு. இப்ப நான் படுத்துட்டேன். அடி. ஆனா டாக்டர்கிட்ட வா."

நீ அடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் தனியாக ஏறிப் போனாய்.

மூன்று வாரம் பேசவில்லை. ஒரே அறை. உன் தேநீரை நீ போட்டுக்கொண்டாய். என் துணி கொடியில் கிடந்தால் உன் துணியைக் கட்டில் கம்பியில் போட்டாய். மற்ற இருவரும் ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக் கேலி செய்தார்கள். உன் நோயை அவர்களிடம் சொல்லிவிடலாமா என்று தினமும் யோசித்தேன். சொல்லவில்லை. ஏற்கனவே ஒருமுறை உனக்காக நான் முடிவெடுத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "லீவு சொல்லிட்டேன். வாரியா இல்லியா?"

டாக்டரின் கை அந்த இடத்தில் நின்றது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "நாலு மாசம்," என்றேன் நான்.

பிறகு சோதனைகள். மே மாதம் சிகிச்சைக்கு ஊருக்குப் போனாய். நீ போன மறுநாள் அந்த டாக்டரிடம் தனியாகப் போய், ஜனவரியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். "முன்னாடி வந்திருந்தா நல்லதுதான். எவ்வளவு நல்லதுன்னு யாராலும் சொல்ல முடியாது," என்றார். அதற்கு மேல் ஒரு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் போவதில்லை.

கடைசியாகப் பேசியபோது என் போன் கார்டில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. உன் மூச்சு பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது.

"ஏட்டி, ஒண்ணு கேளு. எனக்குப் பயம். மொதல்லேர்ந்தே டாக்டர்ட்ட போகப் பயம். வேற எந்தக் கார்டு வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். அதுலயும் ஜூலைன்னுதாம் வாசிச்சிருப்பேன். என் பயத்தப் போய் விசுவாசம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உன்னப் போட்டு அலைக்கழிச்சிட்டேன். மன்னிச்சிரு."

நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

"நீ பஸ் ஸ்டாப்புலயே கேட்டாச்சு. பிள்ளைக்கு அப்பப்ப போன் பண்ணு."

அது உண்மையா, அல்லது என்னைத் தேற்றச் சொன்னாயா? இன்றும் தெரியவில்லை. ஆறுதலுக்காக ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. உன் பயம் உன்னுடையது. அந்த ஒரு அங்குலம் என்னுடையது. உன் மகளிடம் மட்டும் மாதம் இருமுறை பேசுகிறேன். உன் குரல் அவளுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இன்னும் ஜெபிக்கிறேன். நான் விட்டுவிடுவேன் என்று நீ நினைத்திருக்கலாம். வனாந்தரத்தைவிட இப்போது கெத்செமனே பகுதியைத்தான் அதிகம் வாசிக்கிறேன், முன்னும் பின்னும் சேர்த்து. சிலுவைக்கு முந்தின இரவு, அங்கே ஆண்டவருக்குப் பயம். மூன்று நண்பர்களிடம், என்னோடு விழித்திருங்கள் என்கிறார். வேறு எதையும் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்களால் அதுவும் முடியவில்லை.

போன மாதம், உன் கட்டிலுக்கு வந்திருக்கும் பெண் இருமலில் ரத்தம் பார்த்தாள். இலங்கை மலையகத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை. நான் ஆராதனைக்குப் போகவில்லை, அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு வசனம் சொல்லுங்களேன்."

எனக்கு எத்தனையோ தெரியும். நாக்கு நுனிவரை வந்தன.

"எனக்கும் பயமாதான் இருக்கு," என்றேன். "ஆனா கூட இருக்கேன்."

அவள் தலையாட்டினாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன்.