ஒரு மரவை நிறைய மாவு

அன்பு மகள் வியோரிக்காவுக்கு அம்மா ஸம்ஃபிரா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், தலைக்கு மேல் கூரையோடு இருக்கிறோம். நீயும் இத்தாலியில் இடுப்பு வலி குறைந்து, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்க வேண்டுமென்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு தப்பிவிட்டது என்று நான் போனில் சொன்னதை நீ நம்பவில்லை. "அம்மா, நான் கவலப்படக் கூடாதுன்னு நீ இதுவரைக்கும் மூணு பொய் சொல்லியிருக்க. பேப்பரக் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன், இல்லேன்னா திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுருவேன்" என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை, பொய் மூன்றில்லை, நான்கு. அதனால்தான் நகராட்சி முத்திரை குத்திய தாளின் நகலை இதோடு வைத்து வேன் ஓட்டுகிற கோர்னெலிடம் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி. எங்களுக்கு டவுனில் ஓர் அறை பிடித்துத் தருவதற்காக இன்னும் இரண்டு வருடம் அந்த வயதான அம்மாள் வீட்டிலேயே படுத்து எழுந்து அவளைத் தூக்கி இறக்குவதாக ஒப்பந்தம் போடப் போகிறாயே, அந்தப் பேனாவை மூடி வை.

நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், முதலிலிருந்து சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் நம் ஊற்றடியில் பதினொரு வீட்டுக் கதவிலும் ஆணி அடித்துத் தாள் மாட்டினார்கள், இது நகராட்சி நிலம், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று. எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. டவுன் முதலாளி க்ரெட்சு இங்கே ஒரு சாப்பாட்டு விடுதி கட்டப் போகிறான், பெயர் 'பழைய அடுப்பு'. சுவரெல்லாம் மரக்கரண்டி, மூலைக்கு மூலை மாவு பிசைகிற மரவை. டவுன் ஜனங்கள் காரில் வந்து இறங்கி, மக்காச்சோளக் களியை மரத்தட்டில் தின்றுவிட்டு, அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விட வேண்டுமாம். அந்தக் கரண்டியையும் மரவையையும் குடைகிற நம் ருதாரி ஜனம் பக்கத்திலேயே குடியிருந்தால் அந்த டவுன்காரர்களுக்குச் சாப்பாடு இறங்காது, விஷயம் அவ்வளவுதான். இதில் அப்பா செய்ததை உன்னிடம் மறைத்தேன், நான்காவது பொய் அதுதான். குளிர்காலத்தில் இந்த க்ரெட்சு வந்து, "இலியே அண்ணே, பன்னெண்டு மரவை வேணும், ஆனா புதுசா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்கென்று அப்பா கேட்கவில்லை. பாப்லர் மரத்தைப் பிளந்து குடைந்து, நல்லதாக வந்ததைச் சங்கிலியால் அடித்து, அக்ரூட் தோல் ஊறின தண்ணீரைப் பூசி, புகையில் தொங்கவிட்டார். "புதுசு வேணாமாம், செத்துப்போனவங்க பிசைஞ்சது மாதிரி வேணுமாம்" என்று சிரித்துக்கொண்டே செய்தார். நம்மை விரட்டிவிட்டு நம் இடத்திலேயே மாட்டி வைக்கத்தான் அவை என்று தெரிந்த அன்று, மரம் குடைகிற வாய்ச்சியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நகராட்சியில் போய்க் கேட்டோம். தொண்ணூறாம் வருடத்துக்கு முன்பிருந்தே குடியிருந்ததாக எழுத்தில் சான்று காட்டினால் பட்டா உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார்கள். நமக்கு எழுத்து எங்கே இருக்கிறது. தேவாலயப் பதிவேட்டில் நம்மை 'அலைகிறவர்கள்' என்று எழுதியிருக்கிறது. எழுதின பாதிரியாரே வருடா வருடம் ஜனவரியில் நம் வீட்டுக்குள் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுக் கோழியும் வாங்கிக்கொண்டு போனவர்தான், அலைகிறவர்களின் வீடு அவருக்கு மட்டும் எப்படித் தப்பாமல் தெரிந்ததோ. பள்ளிக்கூடத்தில் உன் பெயருக்கு எதிரே 'காட்டுப் பக்கம்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், எட்டு வருடம் நீ எந்த வீட்டிலிருந்து நடந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. குமாஸ்தா எங்களைப் பார்த்து, காடுதான் பெரிசாக இருக்கிறதே, கொஞ்சம் தள்ளிப் போய்க் குந்திக்கொள்ளுங்கள் என்றான். அன்று ராத்திரிதான் நீ போன் செய்து ஒப்பந்த விஷயத்தைச் சொன்னாய். நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நம்மைக் காப்பாற்றியவள் பக்கத்து வீட்டு ஸ்மராண்டா. அவள் மாவட்டத் தலைநகரில் அருங்காட்சியகத்தில் தரை துடைக்கிறாள் அல்லவா, அங்கே பழைய சமையலறை என்று ஒரு கூடம் இருக்கிறது. அதிலுள்ள மரவையைத் தூசி தட்டும்போது அடியில் ஓர் எண்ணும் ஊற்றடி என்ற பெயரும் பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மறுநாளே அவளோடு பஸ் ஏறினேன். வெண்ணெய் கடைகிற மரக்குழாய், களி கிண்டுகிற துடுப்பு, முட்டைக்கோஸ் ஊறப்போடுகிற பீப்பாய் எல்லாவற்றையும் கயிறு கட்டித் தொடாதே என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி தன் பிள்ளையிடம், "பாரு, அப்பல்லாம் எவ்வளவு சுத்தமா வாழ்ந்திருக்காங்க" என்றாள். திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் கைப்பையை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டாள். மரவைக்குள் காகிதக் கூழில் செய்த ஒரு ரொட்டி. அட்டையில் 'விவசாயக் குடும்பத்து ரொட்டி மரவை' என்று போட்டிருக்கிறது, குடைந்தவன் யார் என்று ஒரு சொல் இல்லை, மரத்தில் தானாகக் காய்த்தது போல. ஆனால் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாய்ச்சி வெட்டு எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. உன் தாத்தா ஓப்ரியா இடக்கைக்காரர், ஊற்றடியில் அவரைத் தவிர வேறு இடக்கைக்காரர் கிடையாது.

மாடியில் பதிவேடு வைத்திருக்கிற பெண்ணிடம் போனோம், அங்கா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். உட்காருங்க அக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஓர் ஆபீசில் என்னை ஒருவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதனால் உட்காரத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். மரவையின் எண்ணை வைத்து அறுபத்து நாலாம் வருடத்துக் கட்டைத் தேடி எடுத்தாள். மற்றப் பொருளுக்கெல்லாம் ஒரு வரி, இன்ன சாமான், இன்ன விலை, முடிந்தது. இதற்கு மட்டும் முழுப் பக்கம். ஏன் என்று நீயே ஊகித்திருப்பாய். அருங்காட்சியகத்து ஆள் காசு நீட்டியிருக்கிறான், தாத்தா வாங்கவில்லை. நம் வழக்கம்தான், மரவைக்கு விலை மரவை நிறைய மாவு. அந்த ஆள் வேறு வழியில்லாமல் மக்காச்சோள மாவு வாங்கி வந்து நிறைத்திருக்கிறான். அரசாங்கப் பணத்தில் மாவு வாங்கினால் மேலே இருப்பவன் கேட்பானே, அந்தப் பயத்தில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறான். அங்கா வாசித்தாள். ஊற்றடியில் உள்ள பதினொரு ருதாரி வீடுகளில் ஊற்றிலிருந்து மூன்றாவது வீடு, ஐம்பத்தொன்றாம் வருடத்தில் தானே மண்ணும் மரமும் வைத்துக் கட்டியது, குடியிருப்பவர் ஓப்ரியா, இடக்கைக்காரர், மனைவி, ஐந்து பிள்ளைகள், ஏழு பேரும் சாப்பிட வேண்டும் என்பதால் பணம் மறுத்து மாவு கேட்டார், நிறைக்கும்போது முழங்கையால் மாவை அழுத்தி அழுத்தி இன்னும் கொட்டச் சொன்னார். கீழே அவருடைய கட்டைவிரல் ரேகை. முழங்கை என்ற சொல் வந்ததும் நான் சிரித்துவிட்டேன், பிறகு அங்காவின் மேஜையில் தலை வைத்து அழுதேன். உன் பாட்டி சாகும்வரை, டவுன்காரன் நீட்டின காசை விட்டுவிட்டு மாவு வாங்கின கோமாளி என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். காசு வாங்கியிருந்தால் நமக்கும் ஒரு வரிதான் கிடைத்திருக்கும்.

அங்கா முத்திரை போட்டு, மரவையின் படத்தோடு நகல் கொடுத்தாள். போன செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் அதைக் கொடுத்தோம், பதினொரு வீட்டு ஜனமும் வெளியே நின்றது, என்னையும் அப்பாவையும் மட்டும் உள்ளே விட்டார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, உன் அப்பா வாயைத் திறக்கும்வரை. இந்தப் படத்தில் இருப்பது உங்கள் அப்பா குடைந்த மரவைதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே. படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் சார், ஆனால் இது மட்டமான சரக்கு, மரத்தின் நடுக்குருத்தை எடுக்காமல் விட்டிருக்கிறார், தண்ணீர் பட்டு நாலு தடவை மாவு பிசைந்தால் வாயிலிருந்து பிளந்துவிடும், ரொட்டி சுடுகிற வீட்டுக்கு அவர் இதைக் கொடுத்திருக்கவே மாட்டார் என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அந்தக் குமாஸ்தா பாய்ந்து பிடித்துக்கொண்டான். "அப்ப உங்கப்பா அரசாங்கத்த ஏமாத்தி மாவு வாங்கியிருக்கான். ஏமாத்துக்காரன் குடுத்த தகவல நாங்க நம்பணுமா?" என்றான். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவர் உட்காரவில்லை. "அறுபது வருஷமா வச்சிருக்கீங்களே சார், ஒரு நாளாவது அதுல ஒரு பிடி மாவு பிசைஞ்சீங்களா? பிசைஞ்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பிசைய மாட்டீங்கன்னு எங்கப்பாவுக்கு அப்பவே தெரியும்" என்றார். மேயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் க்ரெட்சு தன் விடுதிக்கு அனுமதி கேட்டுக் கொடுத்த மனுவிலேயே இந்த இடத்தின் பழமைக்குச் சாட்சியாக அதே அருங்காட்சியகத்தின் கடிதத்தைத்தான் இணைத்திருந்தான். அவனுக்கு உண்மையாக இருக்கிற முத்திரை நமக்கு மட்டும் எப்படிப் பொய்யாகும். பதினொரு வீட்டுக்கும் பட்டா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து சொன்னதும் ஸ்மராண்டா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று பதினொரு வீட்டிலும் பகலிலேயே தூங்கினோம் என்றால் நீ நம்ப மாட்டாய், ஒரு மாதத் தூக்கம்.

க்ரெட்சு நெடுஞ்சாலைப் பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டான். வெட்கமில்லாமல் வந்து பன்னிரண்டு மரவையையும் கேட்டான், உன் அப்பாவும் கொடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்ததை என்ன அடுப்பிலா போடுவது என்கிறார். என் கோபம் க்ரெட்சு மேல் மட்டும் இல்லை. பழைய சமையலறை மேல் இவர்களுக்கு இவ்வளவு ஆசை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு நாளும் அதில் வேலை செய்யாததால் வருகிறது. குளிரில் ஏழு பேருக்கு மாவு பிசைந்தால் மணிக்கட்டு என்ன ஆகும் என்று என்னைக் கேட்கட்டும். நீ போன வருடம் அனுப்பின மாவு பிசைகிற மிஷினை நான் தினமும் துடைத்துத் துணி போட்டு மூடி வைக்கிறேன், எந்த அருங்காட்சியகத்துக்கும் தர மாட்டேன். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பிசைந்த மாவைப் பொங்க வைக்க மரவைதான் சரி, உன் மிஷினின் இரும்புக் கிண்ணம் குளிர்காலத்தில் மாவை விறைக்க வைத்துவிடுகிறது. அதனால் மிஷினில் பிசைந்து மரவையில் கொட்டிக் கம்பளி போட்டு மூடுகிறேன். இதைச் சொன்னால் அந்தக் கைப்பை அம்மாளுக்கு நெஞ்சு வலிக்கும்.

நீ அந்த அம்மாளைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. ஞாயிற்றுக்கிழமை உன் ஓய்வு நாள், அன்றைக்கும் வேலை சொன்னால் முடியாது என்று சொல்லப் பழகு. அவள் மகன் நல்லவன்தான் என்கிறாய், இருக்கட்டும், நல்லவர்களும் நாம் முடியாது என்று சொல்லாதவரை கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். திங்கட்கிழமை அவனிடம் செப்டம்பர் வரைதான் இருப்பேன் என்று சொல். அதற்குப் பிறகு அங்கேயே வேறு வேலை பார்க்க வேண்டுமென்றால் பார், இங்கே வர வேண்டுமென்றால் வா, இரண்டும் உன் இஷ்டம். ஆனால் எங்கள் கூரைக்காக என்று ஒரு நாள்கூட அங்கே இருக்காதே, அதற்கு இனி அவசியமில்லை. கடவுளும் கன்னி மாதாவும் உன் கூடவே இருக்கட்டும், உன் கை வலியும் கால் வலியும் தீர்ந்து, நீ நினைத்தது நடந்து, சிரித்த முகமாக இரு. அப்பா உனக்கு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னார், தாள் கிடைத்ததும் கோர்னெலிடமே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் சொன்னார்.

மறந்துவிடாதே, இனிக் கடிதம் போட்டால் கடைக்காரர் மேல்பார்வை என்று எழுத வேண்டாம். புதன்கிழமை நகராட்சி ஆள் வந்து கதவு மேல் எண் பலகை அடித்தான், கோணலாக இருக்கிறது என்று உன் அப்பா பிடுங்கித் திரும்ப அவரே அடித்தார். கீழே இருப்பது போலவே எழுது. தபால்காரன் வந்து கதவைத் தட்டட்டும், நான் மெதுவாகத்தான் போய்த் திறப்பேன்.

இப்படிக்கு உன் அம்மா,
ஸம்ஃபிரா,
எண் 3, ஊற்றடி.