அம்மா எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்?

அன்பு மகன் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, மாடிப்படிக்குக் கீழே யாரையும் கேட்காமல் குடியேறிவிட்ட பூனை, எல்லோரும் சுகம், நீயும் அங்கே இருமல் சளி இல்லாமல் சிரித்த முகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதுக்காரனைக் குட்டி என்று எழுதாதே என்று போன தடவை சொன்னாய், நானும் சரி என்றேன், ஆனால் கை எழுதிவிட்டதை அடிக்க மனசு வரவில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா லிப்ட் வேலை முடித்து கிரீஸ் கையோடு வந்தவர், கையைக்கூடக் கழுவாமல் பிரித்துவிட்டார், அதனால் முதல் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை அழகாகப் பதிந்திருக்கிறது. உணவு வேதியியலில் வகுப்பிலேயே நீதான் முதல் என்று படித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் எந்தக் கட்டடத்துக்கு லிப்ட் பார்க்கப் போனாரோ அங்கெல்லாம் காட்டியிருக்கிறார், ஒரு பல் டாக்டர் பாதியில் நின்ற லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு முழுவதும் படித்துப் பார்த்தாராம், அவருக்கும் வேறு வழியில்லை பாவம். நான் மட்டும் சளைத்தவளா, எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் வெட்டுகிறவர்கள், தட்டு கழுவுகிறவர்கள், வண்டி தள்ளுகிறவர்கள் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்துவிட்டேன். உன் மாமாவுக்குப் போன் செய்தால் அவன், "என்னக்கா பெரிய படிப்பு, இருபது வருஷமா நானும் சாப்பாட்டைத்தான் ஆராய்ச்சி பண்றேன், எனக்கு ஒரு பட்டம் குடுக்க ஆளில்லையே" என்று புலம்புகிறான். அவன் தொப்பையைப் பார்த்தால் ஆராய்ச்சி நன்றாகவே நடந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

முதல் பக்கம் அப்பாவுக்குப் போய்விட்டதால் இரண்டாவது பக்கம் என் கையில் வந்தது, அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. ஒரு மனிதர் ஏழு நாள் என்னென்ன சாப்பிட்டார் என்று எழுதி வாங்கி, அதைக் கணக்குப் போட்டு, அவருக்கு என்ன குறை என்று சொல்ல வேண்டும் என்பது உன் செய்முறைத் தேர்வு, அதற்குத்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கட்டம் போட்ட படிவத்தை எனக்கு அனுப்பினாய். நான் நிரப்பி அனுப்பியதை, எங்கம்மா எழுதியது என்று சொல்லி நீ வகுப்பில் வாசித்தாய், இந்த ஆளுக்கு எந்தக் குறையும் இல்லை, இவரைப் போல எல்லோரும் சாப்பிட்டால் நாட்டில் ஆஸ்பத்திரியே தேவையில்லை என்று முடித்தாய். உங்கள் பேராசிரியை தாளை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு, "உங்கம்மா எந்தக் கட்டில்ல படுத்திருக்காங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நீ எழுந்து நின்று, அம்மா ஆஸ்பத்திரியில் தலைமைச் சமையல்காரர், அங்கே சமைப்பதைத்தான் சாப்பிடுவார், எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க மேடம் என்று சொன்னாய். அவர் நூற்றுக்கு இருபத்தொன்று போட்டுவிட்டார். அதன் கீழே நீ எழுதியிருக்கிறாய், எனக்கு மனிதர்களோடு பேசி விஷயம் வாங்கத் தெரியவில்லை அம்மா, ஆஸ்பத்திரி டயட்டீஷியன் வேலை எனக்குச் சரிப்படாது, பயிற்சிக்கான படிவத்தில் முதல் விருப்பமாக உணவுத் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடம் என்று எழுதப் போகிறேன், பிஸ்கட் பொய் சொல்லாது என்று. பதினொரு வயதிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை நீ. ஒரு வரியில்கூட, அம்மா நீ எழுதியது நிஜமா என்று கேட்கவில்லை. அதுதான் என்னை அறைந்த மாதிரி இருந்தது.

கண்ணு, உன் பேராசிரியை சொன்னது சரி. நான் எழுதியது அத்தனையும் பொய். வேண்டுமென்று உன்னை மாட்டிவிட எழுதியதில்லை, கேள். அந்தப் படிவத்தை ஒரு நாள் பதினோரு மணிக்கு, பெரிய பாத்திரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தபோது, காய்கறி மூட்டை மேல் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தேன். திங்கள் காலை, தேநீர். அது நிஜம். அடுத்த கட்டம் என்ன போடுவது, ஒன்றும் சாப்பிடவில்லை. மதியம், முந்நூற்று நாற்பது தட்டு போன பிறகு பாத்திரத்தைச் சுரண்டி நின்றபடியே நாலு வாய். அதற்கு என்ன பெயர், எத்தனை கிராம், எனக்கே தெரியாது. கட்டம் எல்லாம் காலியாக இருப்பதைப் பார்த்ததும், இதைக் குட்டி படித்தால் பதறிப் போவானே என்று தோன்றியது, இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கமாகவும் இருந்தது. ஊருக்கே சாப்பாடு போடுகிறவள் பட்டினி கிடக்கிறாள் என்று நாலு பேர் வகுப்பில் பேசுவார்களே. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் சுவரில் மூன்று தாள் ஒட்டியிருக்கும், வெள்ளை எல்லோருக்கும், ரோஜா நிறம் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, நீலம் இருதய வார்டுக்கு. நான் உட்கார்ந்த இடத்துக்கு நேரே இருந்தது நீலத் தாள். ஏழு நாளையும் அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். உப்பில்லாத சூப், மஞ்சள் கரு நீக்கிய முட்டை, எண்ணெயில்லாமல் வேகவைத்த மீன். வியாழக்கிழமைக்குப் பக்கத்தில் 'மாத்திரைக்குப் பின்' என்று இருந்ததைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேன் பார், பரீட்சையில் பக்கத்து ஆளின் பெயரையும் சேர்த்துக் காப்பியடித்த கதைதான். முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள், ஒரு காப்பியைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை.

இனிமேல் எழுதுவதைப் பதறாமல் படி, முடிவு நல்ல முடிவு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். படிவத்தை அனுப்பி மூன்று வாரம் கழித்து, கஞ்சிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விழவில்லை, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் டயட்டீஷியன், உனக்குத்தான் தெரியுமே, யாருக்கு என்ன சாப்பாடு என்று நாளைக்கு நூறு சீட்டு அனுப்பி என் உயிரை வாங்குகிறவர், நாங்கள் சீட்டு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோம், அவர்தான் ஓடி வந்தார். காலையில் சாப்பிட்டீர்களா என்று யாரோ கேட்டார்கள், ஆச்சு ஆச்சு என்றேன். நம் வாயில் அது தானாக வருகிறதே, எப்படி இருக்கீங்க என்றால் நல்லா இருக்கேன் என்பது போல. சீட்டு மேடம் அதைக் காதில் வாங்கவே இல்லை. என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "அக்கா, நீங்க சாப்பிட்ட தட்டை நீங்களே கடைசியா எப்ப கழுவினீங்க?" என்று கேட்டார். யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு நாளும் பிடிபடவில்லை. முந்நூற்று நாற்பது தட்டு கழுவி வைப்பதைப் பார்க்கிறேன், அதில் என் தட்டு என்று ஒன்று இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை பேருக்கு நடுவில், வெங்காயம் உரித்தேன் என்று சொல்லவும் முடியாது, அன்றைக்கு வெங்காயமே இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது, பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். எனக்கு ரோஜாவும் இல்லை நீலமும் இல்லை, தனியாக ஒரு பச்சைச் சீட்டு எழுதி, மற்ற சீட்டுகளோடு என் சமையலறைக்கே அனுப்பிவிட்டார் அந்த மேடம், என் சாப்பாட்டை நானே சமைத்து நானே எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்கு அவர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், இது கட்டளை. கீரை, முட்டை, பயறு, கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ, இரும்பு மாத்திரையோடு தேநீர் கூடாது, இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை திரும்பப் பார்த்தார்கள், பத்து புள்ளி எட்டு. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, நேற்று லிப்டுக்குக் காத்திருந்த அப்பாவுக்கு முன்னால் நான் மாடிக்குப் போய்விட்டேன், லிப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது. காலைச் சாப்பாடு இப்போது அப்பாவின் பொறுப்பு. முதல் நாள் அவர் வைத்த கஞ்சியைப் பூனைகூட மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டியது, இப்போது பரவாயில்லை, நட்டு போல்ட்டு மாதிரி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைக்கிறார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். கல்யாணமான புதிதில்கூட இந்த மனிதர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் குட்டி, பொய்யில்லை.

உன் விஷயத்தை சீட்டு மேடத்திடம் சொன்னேன், திட்டாதே. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், நீலத் தாளை எழுதினவரே அவர்தானே. படிக்கும்போது அவரும் இந்தத் தேர்வில் தோற்றவர்தானாம், ஒரு பெரியவர் தினமும் ஒரு டம்ளர் பால் என்றாராம், டம்ளர் எவ்வளவு பெரியது என்று இவர் கேட்கவில்லையாம், அது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சொம்பாம். அவரோடு படித்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்டேன். ஒருத்தர் நீச்சல் அணிக்குச் சாப்பாடு வகுக்கிறார், அந்தப் பிள்ளைகள் ஒரு வேளைக்குச் சாப்பிடுவதை நம் வீட்டில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாமாம். ஒரு பெண் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு திட்டம் போடுகிறாள், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவர் ஒருவர், குடலில் இருக்கிற கிருமிகளை ஆறு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறவர் ஒருவர், இன்னும் முடியவில்லையாம். தொழிற்சாலைக்குப் போனவரும் உண்டு, குழந்தை உணவு டப்பாவில் ஒரு வரி தப்பாக அச்சாகாமல் பார்த்துக்கொள்கிறார், அந்த ஒரு வரியை நம்பித்தானே தாய்மார்கள் ஊட்டுகிறார்கள், அதுவும் சின்ன வேலை இல்லை. ஆக, பரிசோதனைக்கூடம் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அது பிடித்துப் போகிறாய் என்றால் சந்தோஷமாகப் போ. ஆனால் தோற்று ஓடுவதற்காகப் போகாதே. அப்பாவிடம் உன் இரண்டாவது பக்கத்தைக் கொடுத்தேன், படித்துவிட்டு, "முப்பது வருஷத்துல லிப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டவங்க ஒருத்தர் கூட நாங்க பீரோவை ஏத்தினோம்னு சொன்னதில்ல, எல்லாரும் தானா நின்னுடுச்சுன்னுதான் சொல்லுவாங்க, அதுக்காக நான் லிப்டை விட்டுட்டுப் போயிட்டேனா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, அதை மறைத்தால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். நீ ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. சாப்பிட்டேன் என்று சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறவர்கள் என்னைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார ஒருவர் வேண்டும். நீ என்னை நம்பியதால் தோற்றாய், பேசத் தெரியாததால் இல்லை. பெற்றவளைச் சந்தேகப்படப் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும், அந்தக் குறை உன்னுடையது இல்லை, என்னுடையது. ஆனாலும் ஆசை என்னுடையது, படிவம் உன்னுடையது, கையெழுத்துப் போடுகிறவன் நீ. எதை எழுதினாலும் அம்மா முகம் சுளிக்க மாட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே, மற்றவர்களின் சத்துக் கணக்கைப் போட்டுக்கொண்டு நீ பாக்கெட் நூடுல்ஸைக் கொதிக்கவைத்துத் தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்கு எப்போதோ தெரியும், அறைத்தோழன் மாமாவிடம் உளறிவிட்டான்.

நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும், உன் கை பட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், நல்ல பெயரும் நல்ல உறக்கமும் உனக்கு எப்போதும் கிடைக்கட்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். விருப்பப் படிவம் கொடுக்க இருபத்தைந்தாம் தேதி கடைசி, மறந்துவிடாதே. அதற்கு முன்னால் ஒரு வேலை செய். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், அந்தப் பழைய ஏழு நாளையும் ஞாபகப்படுத்தி, இந்த முறை சுவரைப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன், பத்தொன்பது கட்டம் காலியாக இருக்கும், காலியாகவே இருக்கட்டும். அதைக் கொண்டுபோய் உன் பேராசிரியையிடம் காட்டு, மார்க்குக்காக இல்லை. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாயே குட்டி, அன்றைக்கு அது உண்மையாக இல்லை. இன்றைக்கு உண்மையாக்கிவிட்டேன்.

பத்தரை மணிச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இதை எழுதும்,
உன் அம்மா